எட்டடித் தடம்

திருப்பூர்
12-3-1965

சிவன்மலை ஆண்டவர் துணை

அன்புள்ள தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா ஞானாம்பாள் எழுதுவது.

உன் மச்சானுக்கு இருமல் இருக்கிறது. அது எப்போதும் இருப்பதுதான். மற்றபடி இங்கே குறையில்லை. உடுமலைப்பேட்டைத் தண்ணீர் உனக்கும் உன் பெண்டாட்டி அமராவதிக்கும் ஒத்துக்கொண்டதா? தென்னந்தோப்பு வாங்கியவன் ஒரு தேங்காயாவது அனுப்புவாய் என்று பார்த்தேன். தை மாதம் போனவன், பங்குனி பிறக்கப் போகிறது, ஒரு கார்டு கூட இல்லை. புது மாடு மேய்ச்சலை மறக்குமாம், நீ மந்தையையே மறந்துவிட்டாய்.

நீ விற்றுவிட்டுப் போன முன்வீட்டில் மாரப்பன் பனியன் கம்பெனி வைக்கிறார். அவர் வீடு, அவர் இஷ்டம். மூன்று நிட்டிங் மிஷின் வந்து இறங்கிவிட்டது. நேற்றுக் காலையில் கொத்தனார் வந்து, முன்வீட்டுக் கிழக்குச் சுவரை ஒட்டினாற்போல நம் தடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். வீதியிலிருந்து என் வீட்டுக்கு வர அந்த எட்டடித் தடத்தை விட்டால் வேறு வழி ஏது? பின்வீட்டை அய்யன் எனக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக அதில்தான் நடக்கிறேன்.

போய்க் கேட்டேன். மாரப்பன் எழுந்து நின்றுதான் பேசினார். மரியாதைக்குக் குறைவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. பத்திரத்துல தடம்னு ஒண்ணுமே போடலீங்களே. மிஷின் போட எனக்கு அந்த எட்டடி வேணுமுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன்னிடம் பத்திரத்தின் நகல் இருக்குமல்லவா, அதை எடுத்துப் பார். தடத்தைப் பற்றி எழுதியிருக்கும் வரியை அப்படியே எழுதி அனுப்பு. காட்டினால் கயிற்றைச் சுருட்டிக்கொள்வார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உடனே எழுது.

அக்கா
ஞானாம்பாள்


உடுமலைப்பேட்டை
22-3-1965

முருகன் துணை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்குத் தம்பி நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். தோப்பில் வாய்க்கால் தண்ணீர் முறை வந்துவிட்டது. மரங்கள் நன்றாக இருக்கின்றன. தேங்காய் அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல்லடம் பஸ்ஸில் மூட்டை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். அமராவதி தங்களை மிகவும் கேட்டாள்.

தாங்கள் கேட்ட விஷயம். தடம் என்பது மாமூலாக இருந்து வருவது. நேற்று இன்று வந்ததல்ல. மாமூலாக இருப்பதை எழுதினால்தான் உண்டு, எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? அய்யன் தங்களுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்திலும் தடம் எழுதவில்லையே. மாரப்பன் நல்ல மனிதர். தங்களைச் சொந்த அக்கா போல நினைப்பதாக என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வேலையாட்கள் அவசரத்தில் தோண்டியிருப்பார்கள். நான் அவருக்கு விவரமாக எழுதுகிறேன். தாங்கள் வாய்வார்த்தை எதுவும் பேசிவிட வேண்டாம்.

நகலைத் தேடினேன். வீடு மாற்றியதில் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியவில்லை.

மச்சானுக்கு என் நமஸ்காரம்.

தம்பி
நாச்சிமுத்து


திருப்பூர்
5-4-1965

சிவன்மலை ஆண்டவர் துணை

தம்பி நாச்சிமுத்துவுக்கு,

நீ பெட்டியைத் தேட வேண்டாம். ரிஜிஸ்திரார் ஆபீசில் மனுப் போட்டு நானே நகல் வாங்கிவிட்டேன். அதைத் தங்கவேலு முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னேன். அவர் எழுதிய பத்திரம், அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நான்கெல்லையில் கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர் என்று இருக்கிறது. அதாவது தடத்தையும் சேர்த்து விற்றிருக்கிறாய். தடத்தில் எனக்கு நடை பாத்தியம் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எழுதவில்லை. தங்கவேலு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"நான் கேட்டனுங்க. தடத்தை எழுதட்டுங்களான்னு ரெண்டு தரம் கேட்டனுங்க. 'வேண்டாமுங்க, பின்னால இருக்கறது எங்கக்காதானே'ன்னாரு உங்க தம்பி."

அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. உன் பேரில்கூட அப்போது அவ்வளவாக வரவில்லை. மாரப்பனை எதிரே வைத்துக்கொண்டு எழுதச் சொன்னால் அவரைச் சந்தேகப்பட்டது போல ஆகும் என்று கூச்சப்பட்டிருப்பாய். நம் ஆட்களுக்குச் சோறு இல்லாவிட்டாலும் கூச்சத்துக்குக் குறைச்சல் இல்லை. அய்யனும் அப்படித்தானே. தன் வாசல் வழியாக மகள் நடப்பதற்கு எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டுப் போனார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தேன். சாட்சி ஒன்று, ஞானாம்பாள். என் கையெழுத்து.

அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அக்கா கையெழுத்துப் போட்டால் மாரப்பனுக்குத் திருப்தி, கூடப் பிறந்தவளுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆகும் என்று வந்து கூப்பிட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பெட்டியில் இருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஜட்காவில் வந்தேன். தங்கவேலு பத்திரத்தை வாசிக்க ஆரம்பித்தார். நான்தான் தடுத்தேன். எங்க தம்பி பத்திரத்தை நான் படிச்சுப் பார்த்துட்டுப் போட்டா நல்லா இருக்குமுங்களா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். காப்பி வரவழைத்துக் கொடுத்தாய்.

வக்கீலைப் பார்த்தேன். இருபது வருஷம் நடந்திருந்தால் சட்டப்படியே பாத்தியம் வந்திருக்குமாம். எனக்கு ஒரு வருஷம் குறைகிறது. வேறு வழியே இல்லை என்று வாதாடலாமா என்றால், பின்னால் கக்கூஸ் சந்து இருக்கிறதே, அதுவும் வழிதானே என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, விவரம் தெரிந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் இப்போது வந்து நிற்கிறாள் என்பார்களாம். கேஸ் பத்து வருஷம் போகும் என்கிறார். உன் மச்சானுக்குப் பத்து வருஷம் இல்லை, நாச்சிமுத்து. ஜின் பாக்டரியில் தின்ற பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

ஒரே வழிதான் இருக்கிறது. நீயும் மாரப்பனும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தால், விட்டுப்போன வரி ஏறிவிடும். விற்றவன் நீ. "விட்டுப்போச்சு" என்று நீ சொல்ல வேண்டும். சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. இப்போது அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன். இந்த வாரமே வா.

ஞானாம்பாள்


உடுமலைப்பேட்டை
19-4-1965

முருகன் துணை

அக்கா அவர்களுக்கு,

நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தாங்கள் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே ஒப்புக்கொண்டுவிடலாமா என்று பார்த்தேன். மனம் கேட்கவில்லை. கிரயம் பேசும்போதே மாரப்பன் தடத்தைக் கேட்டார்.

"தடம்னு எழுதினா அந்த இடம் எனக்கு உதவாதுங்க. எழுதாம உடுங்க. அக்கா நடக்கறத நான் எப்பத் தடுக்கப் போறேன்?" என்றார்.

தை முப்பதுக்குள் பணம் கட்டாவிட்டால் தோப்பு அக்ரிமெண்ட் ரத்தாகிவிடும். அமராவதியின் அண்ணன்மார் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதாமல் விட்டாலும் அவர் தடுக்க மாட்டார் என்று நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது, அதனால் நம்பினேன். தாங்கள் சாட்சி போட வந்தபோது தங்கவேலு வாசிக்கட்டும், அக்கா கேட்டால் கேட்கட்டும், நின்றால் நிற்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். தாங்களே வேண்டாம் என்றுவிட்டீர்கள். அப்போது எனக்கு உயிர் வந்தது.

நான் வருகிறேன். மாரப்பனை நேரில் பார்த்துப் பேசுகிறேன். அவர் மனம் கல்லல்ல.

தம்பி
நாச்சிமுத்து


திருப்பூர்
10-5-1965

நாச்சிமுத்துவுக்கு,

வியாழக்கிழமை வந்திருந்தாய். பால்காரி மருதாள் பார்த்திருக்கிறாள். மாரப்பன் போட்டிருக்கும் புது இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாயாம், அரை மணி நேரம் இருந்தாயாம்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சுவருக்கு இந்தப்பக்கம் நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம் நின்றிருந்த நேரம். அடுத்தவர் பேச்சுக்கு நீ "ஆமாங்க, ஆமாங்க" என்று மூன்று தரம் சொல்வாயே, அதைக் கேட்டேன். உன் மச்சானும் கேட்டார். "நாச்சிமுத்து வந்திருக்கறான், காப்பிக்குத் தண்ணி வை" என்றார். வைத்தேன். ஆறிப்போகும் வரை வைத்திருந்தேன்.

ஒன்பதடிச் சுவர் அது, நாச்சிமுத்து. பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது நாங்கள் போவதும் வருவதும் கக்கூஸ் சந்து வழியாகத்தான். வீதியில் உள்ள வீடுகளின் மலத்தையெல்லாம் வாளியில் அள்ளிக்கொண்டு போகும் சந்து. முனிசிபாலிட்டிக்காரர்கள் காலையில் போன பிறகு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு நடக்கிறேன். மங்கலத்திலிருந்து மகள் பொன்னாத்தாள் வந்தாள். சந்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். டாக்டர் இரண்டு தரம் வந்தார். மூன்றாம் தரம் கூப்பிட்டால், நோயாளியை இங்கே கொண்டு வாருங்கள் என்கிறார்.

முந்தாநாள் உன் மச்சான் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு சந்து வரை போனார். தடியைக் குறுக்கே வைத்து அளந்தார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, "ரெண்டேகால் அடி. என்னைய எப்படித் தூக்கீட்டுப் போவாங்க? பாடை மூணடி ஆச்சே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதருக்கு வேறு கவலையே இல்லை. சாவைப் பற்றிப் பயமில்லை, போகும் வழியைப் பற்றித்தான்.

திருத்தல் பத்திரம் என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

ஞானாம்பாள்


உடுமலைப்பேட்டை
21-5-1965

அக்கா அவர்களுக்கு,

வந்தது உண்மை. தங்களைப் பார்க்காமல் போனதும் உண்மை. சந்து முனை வரை வந்தேன். அதற்குள் நுழைந்து தங்கள் வாசலுக்கு வர எனக்குக் கால் எழவில்லை. நாற்றத்துக்கு அஞ்சி அல்ல. அந்த வழியை உண்டாக்கியவன் நான்தானே.

திருத்தல் பத்திரத்துக்கு மாரப்பன் சம்மதிக்கவில்லை. கம்பெனிக்கு பாங்கில் கடன் கேட்டிருக்கிறாராம். தடம் ஏறினால் வில்லங்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

ஆனால் ஒரு காரியம் சாதித்திருக்கிறேன். தடத்துச் சுவரில் ஒரு கதவு விட்டிருக்கிறார், நல்லது கெட்டதுக்கு அதையும் கேட்டையும் திறந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முன்கூட்டிச் சொன்னால் போதும், அதற்கு வேண்டுமானால் எழுத்தும் கொடுக்கிறேன் என்றார். மச்சானிடம் சொல்லுங்கள். அந்தக் கவலை அவருக்கு வேண்டாம். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

தேங்காய் ஒரு மூட்டை லாரியில் அனுப்பியிருக்கிறேன். சந்து வழியாக வராது என்பதால் மாரப்பன் கம்பெனியில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளவும்.

நாச்சிமுத்து


திருப்பூர்
கார்டு
19-7-1965

உன் மச்சானுக்கு மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. பார்க்க நினைத்தால் உடனே வா. பின்பக்கமாக வா, காலில் செருப்போடு. தேங்காய் மூட்டை கம்பெனியிலேயே கிடக்கிறது.

ஞானாம்பாள்


திருப்பூர்
25-8-1965

நாச்சிமுத்துவுக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நீ அன்று மயானத்திலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டாய். அதனால் அன்று நடந்ததில் நீ பார்த்தது பாதிதான். மீதியை எழுதுகிறேன்.

பாடை கட்டி முடித்தாயிற்று. நீ மாரப்பனிடம் போய்க் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தாய். கையெழுத்து ஆனதும் கேட்டைத் திறப்பார் என்றாய். நான் காகிதத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன்.

"படிக்க நேரமில்லீங்கக்கா. வெயில் ஏறுது. எல்லாரும் நிக்கறாங்க" என்றாய்.

நின்றார்கள்தான். இருந்தாலும் முழுவதையும் படித்தேன். "காலஞ்சென்ற சென்னிமலை அவர்களின் சவத்தை எடுத்துச் செல்வதற்காக, மேற்படி மாரப்பன் தயவின் பேரில் இந்த ஒரு தடவைக்கு மட்டும் அனுமதி பெற்றுக்கொண்டேன். மேற்படி இடத்தில் எனக்கு எவ்விதத் தடபாத்தியமும் முன்னும் இல்லை, இப்போதும் இல்லை, இனியும் கோர மாட்டேன்." அவர் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன எழுதியிருக்கிறது, அது என்ன செய்யும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்ட கையெழுத்தும் படித்துப் போட்ட கையெழுத்தும் என்னை ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்தின. ஆனால் மிஷின் இன்னும் ஏறாத அந்த எட்டடித் தடத்தில்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு பேர் தோளும் சுவரில் இடிக்கவில்லை. அது போதும் எனக்கு.

பாடை வீதிக்குப் போனதும் கேட்டைச் சாத்தினார்கள். நான் உள்ளே நின்று பார்த்தேன்.

பிறகு வக்கீலிடம் அந்தக் காகிதத்தின் நகலைக் காட்டினேன். அவர் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இனி ஒன்றும் இல்லையம்மா என்றார். பீஸ் வாங்கவில்லை.

நேற்று மாரப்பன் சந்து வழியாகவே வந்தார். அதைச் சொல்ல வேண்டும், கேட்டைத் திறந்து கூப்பிட்டு அனுப்பவில்லை, அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்வீட்டை விலைக்குக் கேட்டார். "கேக்கறனேன்னு நெனச்சுக்காதீங்கக்கா. வழியில்லாத ஊட்டை வேற யாருங்க வாங்குவாங்க?" என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுச் சந்து முனையிலேயே திரும்பிவிட்டார்கள். அவர் சொன்ன விலை உன் தோப்பில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஒப்புக்கொண்டேன். மகளோடு மங்கலத்துக்குப் போகிறேன். அவள் வீட்டில் இடம் இல்லை, இருந்தாலும் கூப்பிடுகிறாள்.

உன் பேரில் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று நினைப்பாய். இருக்கிறது. அது போகாது என்றும் தெரிகிறது. நீ கெட்டவன் என்றால் எளிதாக இருந்திருக்கும். காரியம் நடக்கும்போதெல்லாம் நல்லவனாகப் பேசிவிட்டு, முடிந்த பிறகு அழுகிறாய். எனக்கு உன் அழுகையை வைத்துக்கொள்ள இடம் இல்லை.

தங்கவேலுதான் பத்திரம் எழுதுகிறார். என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கிழக்கே யார், நம் தடம், இப்போது மாரப்பன். தெற்கே யார், மாரப்பன். மேற்கே இருந்த காலி இடத்தையும் ஆடி மாதம் அவரே வாங்கிவிட்டாராம், அதுவும் மாரப்பன். வடக்கே கக்கூஸ் சந்து. சொத்தில் வில்லங்கம் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். அவர் வில்லங்கம் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

ரிஜிஸ்திரார் ஆபீசில் செப்டம்பர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு. இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று மருதாளின் புருஷன் கன்னையன் வருகிறான். இன்னொன்றுக்குக் கூடப் பிறந்தவர் யாராவது போட்டால் மாரப்பனுக்குத் திருப்தியாக இருக்குமாம். நீ வா.

வந்து என் பக்கத்தில் உட்கார். காப்பி நான் வரவழைக்கிறேன். தங்கவேலு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார், நீ காது கொடுத்துக் கேள், பிறகு போடு. அவர் வாசிக்க ஆரம்பிக்கும்போது, வேண்டாமுங்க, எங்கக்கா பத்திரம்தானே என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஞானாம்பாள்